கடல் வெளியே போயிருந்த மதியம்

தீவுக்கு வந்து இரண்டு நாளாகியும் எங்களில் ஒருவருக்குக்கூட முழங்கால் நனையவில்லை. காரணம் நான்தான்.

நான் லிஃப்ட் சோதிக்கிறவன். அடுக்குமாடிகளிலும் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் லிஃப்ட்டை ஓட்டலாம் என்றோ கூடாது என்றோ சொல்லிவிட்டு வருவது என் வேலை. பிரேக் பிடிக்கிறதா, கயிற்றில் இழை பிரிந்திருக்கிறதா, மூடுகிற கதவு ஒரு குழந்தையின் கை பட்டதும் திரும்பத் திறக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் விடிகாலையில், கட்டடத்தில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால், தனியாக. பேச்சுக்கு இடமில்லாத வேலை, அதனாலேயே எனக்குப் பொருந்திய வேலை. "இவரோட அரை மணி நேரம் இருந்தா லிஃப்ட்டே ரெண்டு வார்த்தை பேசிடும்" என்பாள் என் மனைவி.

எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். மகளின் அப்பா வேறு நகரத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவார், சிரிக்கவைப்பார். 'அப்பா' என்கிற சொல் அவரிடம் இருக்கிறது, அது நியாயம்தான். எனக்கென்று அந்தக் குழந்தையிடம் இன்னும் ஒரு சொல் இல்லை. கூப்பிட வேண்டியிருந்தால் எதிரில் வந்து நிற்பாள். பள்ளிக்கூடத்து வாசலில் ஒருமுறை அவளுடைய தோழி யாரென்று கேட்டபோது, "எங்க வீட்ல இருக்கறவரு" என்றாள். பொய் இல்லை. நான் அந்த வாக்கியத்தை அன்று முழுவதும் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதில் கோபப்பட எதுவும் கிடைக்கவில்லை.

அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர் வைத்தவன் என் மனைவியின் தம்பி. கோபம் வந்தால் கடித்துவிடுவாள், அதனால். கூப்பிடும்போது எறும்பு. இந்தப் பயணத்துக்கு அவனும் வந்திருந்தான். ஓயாமல் பேசுகிறவன். நான் பேசாமல் விட்டதையெல்லாம் அவன் பேசிவிடுவதால் எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது இது. ஒரு நீச்சல் குளத்தில் மச்சான் எறும்பை மல்லாக்க மிதக்கவைத்திருக்கிறான். "கையை எடுக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எடுத்திருக்கிறான். அவள் மூழ்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, வெளியே வந்ததும் முதல் காரியமாக அவன் தோளைக் கடித்தாள். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது என்பது இன்றைக்கும் அவன் வாதம். இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவள் யார் கையையும் தண்ணீருக்குள் நம்பவில்லை. மிதக்கிற ஆசை மட்டும் போகவில்லை. தீவுக்கு வரும் படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நீரையே பார்த்தபடி வந்தவள் சொன்னாள்:

"எனக்கு மிதக்கணும். ஆனா யாரும் பிடிக்கக் கூடாது."

"பிடிக்காம எப்படிடீ?" என்றாள் அவள் அம்மா.

"அதான் யோசிச்சிட்டிருக்கேன்."

எனக்கு இந்த விடுமுறையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் மிதக்கும்போது முதுகுக்கு அடியில் இருக்கிற கை என்னுடையதாக இருக்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மச்சான் அதை ஊரெல்லாம் தண்டோரா போட்டு, பாவம் என்று அவளைச் சம்மதிக்கவைத்துவிடுவான். பாவம் பார்த்துக் கிடைப்பது எனக்கு வேண்டாம். அதெல்லாம் பிறகு. முதலில் ஒரு நல்ல கடல் வேண்டும்.

விடுதி அறையின் ஜன்னலைத் திறந்தாலே கடல் தெரிந்தது. இரண்டு கட்டில்கள், நான்காம் எண்ணில் வைத்தால் விசும்புகிற மின்விசிறி, வாசலில் கால் கழுவ ஒரு பக்கெட். பக்கெட்டைப் பார்த்ததுமே எறும்பு கால் கழுவிக்கொண்டாள், மணலே படாத காலை. முதல் நாள் மாலை எல்லோரும் விடுதிக்கு எதிரே இருந்த கரைக்கு இறங்கினோம். மணல் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஆனால் கரை கூரை மாதிரிச் சரிந்திருந்தது. அலை தூரத்தில் உடையாமல் நேராகக் காலடிக்கு வந்து குப்புற விழுந்தது. பெரியவர்களே தடுமாறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்" என்றேன்.

மறுநாள் காலை வேன் பிடித்து வேறு கரைக்குப் போனோம். அகலமான கரை, கடைகள், குடைகள், உயரமான மேடையில் ஊதலோடு ஒரு உயிர்காவலர். அலைகள் வரிசை வரிசையாக வெள்ளை நுரையோடு வந்தன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல், கொஞ்சம் கறுத்து, ஒரு தெரு மாதிரி அமைதியாக இருந்தது.

"அத்தான், அங்க பாருங்க. அலையே இல்ல. எறும்புக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றான் மச்சான்.

நான் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அந்த இடத்தில் எறிந்தேன். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ வேலை இருப்பதுபோல நேராக வெளியே போகத் தொடங்கியது. நாங்கள் நால்வரும் அது புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு வார்த்தை சொல்லிக்காமக் கிளம்பிடுச்சே" என்றான் மச்சான், குரல் கொஞ்சம் இறங்கி.

அலையாக வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. மேடையில் இருந்தவர் எங்களைப் பார்த்து, அங்கே வேண்டாம் என்று கையை அசைத்தார். குளிக்கலாம் என்று அவர் கொடி நட்டிருந்த இடத்திலோ அலை எறும்பின் உயரத்தைத் தாண்டி எழுந்தது. நான் மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னேன்.

"இந்த மனுஷன் மூணு தலைமுறைக்கும் சேத்து வேண்டாம்னு சொல்லி முடிச்சிட்டுத்தான் ஓய்வார் போல" என்றாள் என் மனைவி. கோபமில்லை, ஆனால் துண்டை உதறிய வேகத்தில் ஏதோ இருந்தது. "என்னங்க, நாளைக்கும் வேண்டாம்னா நான் அந்தப் பக்கெட்ல உப்பைப் போட்டு உள்ள உக்காந்துக்குவேன். நீங்களே ஒரு கடலைத் தேடிக் கண்டுபிடிங்க."

எறும்பு ஆரஞ்சு போன திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே, விடுதிக்காரம்மாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். வேலைக்குப் போகிற அதே நேரம், அதே மனநிலை. காதில் காற்று மட்டும். தென்னை மரங்களுக்கு நடுவில் போன ஒரு மண்பாதை முடிந்த இடத்தில் அது இருந்தது.

குதிரை லாட வடிவத்தில் ஒரு விரிகுடா. அலைகள் எங்கோ தூரத்தில் பவளப்பாறை வரிசையில் மோதி அங்கேயே முடிந்துவிட்டன. உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்த மாதிரி இருந்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். அடியில் மெத்து மெத்தென்று மணல், கல்லும் முள்ளும் இல்லை. நடக்க நடக்க மிக மெதுவாகத்தான் ஆழம் கூடியது, இடுப்பு, பிறகு மார்பு. கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு ஆரஞ்சை எறிந்தேன். அது என் பக்கத்திலேயே நின்றது, வளர்த்த நாய் மாதிரி. மல்லாக்கப் படுத்து, என் முதுகுக்கு அடியில் நானே கையை வைத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. வானம் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தேனோ. வாழ்க்கையில் இத்தனை நிம்மதியாக எதற்கும் நான் 'சரி' சொன்னதில்லை.

திரும்பி வந்து அறைக் கதவைத் தட்டி, "கிடைச்சிடுச்சு" என்றேன். என் குரலைக் கேட்டு மனைவி என்ன கிடைத்தது என்றுகூடக் கேட்கவில்லை. சிரித்தாள்.

கிளம்ப மதியமாகிவிட்டது. சோறு கட்டி, காற்றடைத்த வளையங்களை மச்சான் மூச்சு முட்ட ஊதி, மறந்த துண்டுக்கு இரண்டு முறை திரும்பி. வேனில் நான் அந்த விரிகுடாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். அலை எங்கே உடைகிறது, மணல் எப்படி இருக்கிறது, எறும்புக்கு எதுவரை இடுப்பளவு வரும். மச்சான் ஓட்டுநரிடம் மெல்ல, "இவரு இவ்ளோ பேசி நாங்க பாத்ததே இல்ல" என்றான்.

மண்பாதை முடிந்தது. வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு எறும்புதான் முதலில் மேட்டில் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கடல் இல்லை.

விரிகுடா இருந்தது, தென்னைகள் இருந்தன. நடுவில் கண்ணுக்கெட்டியவரை ஈர மணல், அங்கங்கே குட்டைகள், ஒருக்களித்துப் படுத்திருந்த ஒரு படகு. வெகுதூரத்தில், பாறை வரிசைக்கு அப்பால், ஒரு நீலக் கோடு.

யாரும் பேசவில்லை. எனக்கு மௌனங்கள் பழக்கம். இது அந்த வகை இல்லை.

"அத்தான்," என்றான் மச்சான் கடைசியில், மிகவும் மரியாதையாக, "நீங்க காலைல பாத்தது நிஜமா, இல்ல ஓட்டல்ல மாட்டியிருக்கற காலண்டரா?"

"இங்கதான் இருந்துச்சு" என்றேன்.

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்க. இங்க அந்தக் கவலையே இல்ல."

என் மனைவி எறும்பின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "கடல் உள்வாங்கினா ஓடணும்னு சொல்வாங்களே. நாம இப்ப ஓடணுமா?"

பாயும் குடையும் வாடகைக்கு விடுகிற பெண் ஒருத்தி மர நிழலில் தலை வாரிக்கொண்டிருந்தாள். இவள் சொன்னதைக் கேட்டு வாயிலிருந்த கொண்டை ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "எங்கயும் ஓட வேணாம்கா. இது தினமும் நடக்கறது. இந்தக் கரை ரொம்ப மட்டம், வத்துற நேரத்துல மொத்தமா வத்திடும். கடல் வெளிய போயிருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடல் ஏறும், வற்றும் என்பது ஒன்றும் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடம் நான் விடிகாலையில் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வந்ததெல்லாம் மதியமும் அதே இடத்தில் அப்படியே இருந்திருக்கிறது. லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். கட்டடத்தை விட்டு வெளியே போனதில்லை.

நான் தலை குனிந்து நின்றேன். மூன்று நாளில் மூன்றாவது கரை. எறும்பின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் அழுகை என்று நினைத்தேன். இல்லை. அவள் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ பெரிய சாமானைத் தொலைச்சிட்டீங்களா?" என்றாள் என்னைப் பார்த்து. "நான் பென்சில்தான் தொலைப்பேன்."

அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் கிண்டல் அது. என் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பயம் போன சிரிப்பு. மச்சான் மணலில் உட்கார்ந்தே விட்டான். குடைக்காரப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சிரிக்கும்போது, குளிர்நாளில் தீ மூட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கடல் திரும்பி வரும்வரை அங்கேயே இருப்பது என்று முடிவானது. திரும்பும்போது தண்ணீர் ஓசையில்லாமல் பின்பக்கமாகவும் சுற்றி வந்துவிடும், படகைத் தாண்டி மட்டும் போகாதீர்கள் என்றாள் குடைக்காரப் பெண். சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். மச்சான் காலி விரிகுடாவின் நடுவில் போய் நின்று, கைகால்களை அசைத்து, நீச்சல் அடிக்கிறவனைப் போல நடந்து காட்டினான். என் மனைவி குட்டைக்குட்டையாக எட்டிப் பார்த்து, நகத்தளவு மீன்களோடு பேசினாள். நான் சோதிக்க எதுவும் இல்லாமல் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒட்டி இல்லை, நடுவில் வளையம்.

"லிஃப்ட் கயிறு அறுந்தா கீழ விழுந்துருமா?"

"விழாது. நிறைய கயிறு இருக்கும். எல்லாமே போனாலும் அடியில ஒரு பிடி இருக்கு. வேகம் கூடினா தானாவே தண்டவாளத்தைக் கவ்விக்கும்."

"கட்டெறும்பு மாதிரி."

"அதே மாதிரி."

மணலை அள்ளி விரல் வழியே விட்டாள். "லிஃப்ட் சரியில்லன்னா என்ன செய்வீங்க?"

"பூட்டிடுவேன்."

"உள்ள போகணும்னு நிக்கறவங்க திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. பத்து மாடி ஏறணும்ல."

"அப்ப சும்மாவாச்சும் சரியா இருக்குன்னு சொல்லிடலாமே."

"சொல்லலாம். ஆனா எனக்குத் தெரியுமே."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. வெகுநேரம் இருவரும் தூரத்து நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். என் மௌனத்துக்குள் இன்னொருவர் வந்து உட்கார்ந்துகொண்டு, அதைத் தன் இடம் போலப் புழங்குவது எனக்குப் புதிது. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

கோடு தடித்தது. பிறகு குட்டைகள் ஒன்றையொன்று தொட்டன. மணலில் இருந்த எங்கள் கால்தடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து பளபளத்தன. மச்சான் வெற்றிகரமாகப் பின்வாங்கினான். "வருது, வருது, வழி விடுங்க" என்று கூவிக்கொண்டே. நாங்கள் கரையோரம் வந்துவிட்டோம். வெயில் சாய்ந்தபோது விரிகுடா முழுவதும் தண்ணீர், காலையில் பார்த்த அதே தட்டு, இப்போது வெதுவெதுப்பாக.

எல்லோரும் இறங்கினோம். என் மனைவி முழங்கால்வரை வந்து, "போதும், எனக்கு இதுவே கல்யாணச் சாப்பாடு" என்று நின்றுகொண்டாள். எறும்பு இடுப்பளவு நீரில் நின்றாள். வளையத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் வந்தாள்.

"நான் படுக்கப் போறேன். கை வெச்சுக்கங்க. தூக்கக் கூடாது. சும்மா வெச்சிருக்கணும்."

கைகளை நீருக்கடியில் விரித்து வைத்தேன். "எடுக்கறப்ப சொல்லிட்டு எடுக்கவா?"

"எடுக்கவே வேணாம்."

"சரி."

"மாமாவும் சரின்னுதான் சொன்னாரு."

"தெரியும்."

ஒருமுறை என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு படுத்தாள். அவள் முதுகு என் உள்ளங்கைகளில் வந்து அமர்ந்தது, ஈரப் பறவையின் கனம். காது நீருக்குள் இருந்ததால் கத்தினாள்: "கை இருக்கா?"

நான் பதில் சொன்னால் கேட்காது. அவள் கண்ணுக்கு மேலாக முகத்தை நீட்டித் தலையாட்டினேன்.

"கை இருக்கா?"

ஆட்டினேன். மெல்ல மெல்ல அவளுடைய கழுத்து இளகியது. விறைத்திருந்த விரல்கள் விரிந்தன.

பாறை வரிசைக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகு போனது. அது கிளப்பிய நீரின் அசைவு சற்று நேரம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தது. அலைகூட இல்லை, ஒரு பெருமூச்சு. அது அவளை மெல்ல மேலே தூக்கியது. என் கை அங்கேயே இருந்தது. அவள் அதன்மேல் இல்லை. இடையில் நான்கு விரல் தண்ணீர். கொஞ்சம் நகர்ந்தும் போயிருந்தாள். தானாக மிதந்துகொண்டிருந்தாள், அழகாக, ஒரு இலையைப் போல.

"கை இருக்கா?" என்று கத்தினாள்.

நீர் கண்ணாடியாக இருந்ததால் மச்சானுக்கும் தெரிந்தது. உதட்டில் விரலை வைத்து, சொல்லாதே என்று ஜாடை காட்டினான். அவன் கண்கள் சந்தோஷத்தில் விரிந்திருந்தன. ஒரு தலையாட்டல் போதும். அவள் மிதந்துவிடுவாள். பிறகு சொன்னால், நானா, தனியாவா என்று குதிப்பாள். அது மோசமான காரியமில்லை. அன்பானவர்கள் செய்கிற காரியம்தான். என் முகம் அவள் முகத்துக்கு மேல் இருந்தது. அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்று தலையசைத்தேன்.

பேனாக்கத்தி மடங்குவதுபோல அவள் நடுவில் மடங்கி உள்ளே போனாள். அதே நொடியில் வாரி எடுத்துவிட்டேன். இருமினாள், துப்பினாள், கண்ணைத் தேய்த்தாள். என் மனைவி சேலையோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாதிதூரம் வந்துவிட்டாள்.

"ஏன் எடுத்தீங்க?" என்றாள் எறும்பு.

"நான் எடுக்கல. தண்ணி உன்னைத் தூக்கிடுச்சு. கை இருந்த இடத்துலதான் இருந்துச்சு, நீதான் மேல போயிட்ட."

"எவ்ளோ நேரமா?"

"நீ கேக்கறவரைக்கும்."

"என்ன அத்தான் நீங்க," என்றான் மச்சான் வருத்தத்தோடு, "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைச்சிட்டீங்களே. ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"மாமா, நீ பேசாத" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

என் தோள் அவள் பல்லுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் அதை நகர்த்தவில்லை. அவள் குனிந்து, என் சட்டைத் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், நன்றாக, இரண்டு பக்கமும்.

"அப்ப கை இல்லன்னா சொல்லிடுவீங்க."

"சொல்லிடுவேன்."

"நான் அழுதாலும்?"

"அழுதாலும்."

"மறுபடி" என்றாள், நான் கையை நீட்டி முடிப்பதற்குள் படுத்தும் விட்டாள். அவசரமாக அடியில் கொண்டுபோய் வைத்தேன்.

கை இருக்கா என்று கேட்டாள். ஆட்டினேன். கேட்டாள், ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் கேட்பதே விளையாட்டாகிவிட்டது. குரலை மாற்றி மாற்றிக் கேட்டாள், பாட்டாகக் கேட்டாள், வாய்க்குள் தண்ணீர் போய்ச் சிரித்துக்கொண்டே கேட்டாள். ஒருமுறை தண்ணீர் அவளைத் தூக்கி நகர்த்தியபோது நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் மடங்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தி, "சீக்கிரம் வாங்க" என்றாள்.

மச்சான் அக்காவிடம் போய் நின்றுகொண்டு, தன்னையும் யாராவது மிதக்கவைப்பார்களா என்று கேட்டான். "நீ மிதக்க மாட்டடா, வாயைத் திறந்து வெச்சிருக்கற பாத்திரம் மூழ்கிடும்" என்றாள் அவள்.

தண்ணீரில் பொன் இறங்கத் தொடங்கியது. என் கைகள் வலித்தன. அப்படி ஒரு வலி தினமும் கிடைத்தால் தேவலை என்றிருந்தது. கரையில் குடைகளை மடக்கிக்கொண்டிருந்த பெண் கையை அசைத்தாள். என் மனைவி, "என்னங்க, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றாள்.

எறும்பு, கை இருக்கா என்று கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். குனிந்து பார்த்தேன். அவள் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.